ஞாபக மாத்திரை வாங்கும் முன் சோற்றுப்பானையைப் பாருங்கள்

மெட்ரிக் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே, "பிள்ளைக்கு ஞாபகசக்திக்கு ஏதாவது கொடுங்க" என்று மருந்துக்கடையில் கேட்பது ரங்கூனிலும் உண்டு, மோல்மேனிலும் உண்டு. கடைக்காரர் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் பி1, பி6, பி12 மூன்றும் கலந்த மாத்திரை அட்டை. இல்லையென்றால் பச்சை நிற ஸ்பைருலினாப் பாசி மாத்திரை டப்பா. அந்தப் பிள்ளைக்கு உண்மையில் எது குறைகிறது என்பதை வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை.

குறை இருக்கும் பிள்ளைக்கு அந்தக் குறையை நிரப்பினால் கவனமும் ஞாபகமும் தேறும். குறை இல்லாத பிள்ளைக்கு எத்தனை அட்டை வாங்கிக் கொடுத்தாலும் மதிப்பெண் ஏறாது. ஆகவே வேலை குறையைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. பர்மாவில் ஒரு தமிழ்க் குடும்பம் பார்க்க வேண்டிய வரிசை இது: எல்லாருக்கும் முதலில் பி1, படிக்கும் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் இரும்பு, சைவமாக இருப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பி12. அயோடின் உப்பு வீட்டுக்கே பொது.

பி1: விறகு இருந்தும் தீக்குச்சி இல்லாத அடுப்பு

உடல் எடையில் மூளை ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் உண்ணும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அதுவே எரிக்கிறது. அதற்கு எரிபொருள் குளுக்கோஸ். குளுக்கோஸை எரிக்கும் நொதிகள் வேலை செய்ய பி1, அதாவது தயமின், கட்டாயம் வேண்டும். சோறு நிறையத் தின்று பி1 குறைந்தால், விறகு குவிந்து கிடந்தும் தீக்குச்சி இல்லாத கதைதான். சோறு கூடக் கூட பி1 தேவையும் கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

உடம்பில் பி1 இருப்பு மொத்தமே 25 முதல் 30 மில்லிகிராம். உணவில் வராமல் போனால் இரண்டு மூன்று வாரத்தில் அது கரைந்துவிடும். பி12 அப்படியல்ல, ஈரலில் ஆண்டுக்கணக்குக்குப் போதுமான இருப்பு இருக்கும். பி12 வங்கியில் போட்ட பணம், பி1 சட்டைப்பைச் சில்லறை. காப்புக் கட்டிப் பத்து நாள் விரதம் இருப்பதால் யாருக்கும் பி12 குறைந்துவிடாது. ஆனால் அந்த நாட்களில் பயறு பருப்பு இல்லாமல் வெள்ளைச் சோறும் ரசமுமாக ஓட்டினால், அது வாரக்கணக்கில் நீண்டால், பி1 கையைவிட்டுப் போகும்.

ஒரு நாளைக்கு வேண்டிய அளவு: ஆணுக்கு 1.2 மி.கி., பெண்ணுக்கு 1.1, கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் 1.4, ஒன்பது முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு 0.9, நான்கு முதல் எட்டு வயதுக்கு 0.6.

குறையும்போது முதலில் தெரிவது ஞாபகமறதி அல்ல. பசி குறையும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், பாடத்தில் மனம் நிற்காது, கால் மரக்கும், கெண்டைக்காலை அழுத்தினால் வலிக்கும். வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம்: தரையில் குந்தி உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழச் சொல்லுங்கள். முன்பெல்லாம் எழுந்தவர் இப்போது சுவரைப் பிடிக்கிறார் என்றால் மருத்துவரிடம் பி1 பற்றிக் கேளுங்கள். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு இந்தச் சோதனை செல்லாது.

சோறு

அரிசியில் பி1 இருப்பது பெரும்பாலும் தவிட்டிலும் முளைக்கருவிலும். ஆலையில் வெள்ளையாகத் தீட்டும்போது அது போய்விடுகிறது. நூறு கிராம் தீட்டிய பச்சரிசியில் மிஞ்சுவது சுமார் 0.07 மி.கி. அதே நெல்லை முதலில் ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்தினால், அவிக்கும்போது தவிட்டுப் பக்கமிருந்த பி1 அரிசிமணிக்குள் இறங்கிவிடும். தீட்டிய பிறகும் நூறு கிராமுக்கு 0.2 அளவில் நிற்கும். ஏறக்குறைய மூன்று மடங்கு.

இதை உலகம் கண்டுகொண்டதில் தமிழ்க் கூலிகளின் சோற்றுக்கும் பங்கு உண்டு. 1900களின் தொடக்கத்தில் மலாயாவில், பி1 குறையால் வரும் பெரிபெரி நோய் சீனத் தொழிலாளர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றபோது, பக்கத்திலேயே வேலை செய்த தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. சீனர்கள் தின்றது தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். 1905இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃபிளெட்சர் என்பவர் பாதிப் பேருக்கு ஒரு வகை அரிசி, மீதிப் பேருக்கு மறுவகை என்று கொடுத்துப் பார்த்தார். நோய் வெள்ளை அரிசிப் பக்கமே விழுந்தது. தாத்தா கப்பலேறி வந்தபோது கூடவே கொண்டுவந்த அந்தப் பழக்கத்தைத்தான், மணக்கும் போசான் அரிசிக்காக இப்போது பல வீடுகளில் விட்டுவிட்டார்கள். போசான் சோற்றைக் குறை சொல்வதற்கில்லை, ருசி ருசிதான். ஆனால் மூன்று வேளையும் அதுவே என்றால் பி1 வேறு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

அரிசியை மாற்ற மனமில்லாவிட்டாலும் சமைக்கும் முறையை மாற்றலாம். பர்மாவில் அரிசி அளக்கும் பால் டின் ஒன்றில் ஏறக்குறைய 260 கிராம் பிடிக்கும். ஒருவரின் ஒரு நாள் சோற்றுக்கு அதை வைத்துக்கொள்வோம். பச்சரிசியில் அத்தனைக்கும் இருப்பது 0.18 மி.கி. தண்ணீர் தெளியும்வரை நான்கைந்து முறை தேய்த்துக் கழுவினால் கால் பங்கிலிருந்து பாதிக்கு மேல்கூட அந்தத் தண்ணீரோடு போகும். பிறகு நிறைய நீரில் கொதிக்கவிட்டுக் கஞ்சி வடித்தால் மீதியிலும் ஒரு பங்கு வடிநீரில் இறங்கும். தட்டுக்கு வருவது 0.1 மி.கி.கூட இருக்காது. பிள்ளைக்கு வேண்டியது 0.9 என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எனவே கல், உமி பொறுக்கிவிட்டு ஒரே முறை, தேய்க்காமல், அரிசியை அலசுங்கள். முதல் தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும்; அது அழுக்கு அல்ல, பெரும்பாலும் மாவு. ஒரு டின் அரிசிக்கு ஒன்றரை முதல் இரண்டு டின் தண்ணீர் வைத்து, வடிக்காமல், மூடி சிறுதீயில் வற்றவிடுங்கள். பழைய அரிசி சற்று அதிகம் குடிக்கும், புது அரிசி குறைவாகக் குடிக்கும். முதல் இரண்டு நாள் குழைந்தாலும் அடிப்பிடித்தாலும் மூன்றாம் நாள் அளவு கைக்கு வந்துவிடும். உலையில்தான் வைப்பேன் என்பவர்கள் வடித்த கஞ்சியைக் கொட்டாமல் பருப்புக்கோ ரசத்துக்கோ அந்த நீரையே ஊற்றலாம், உப்புப் போட்டுக் குடிக்கவும் கொடுக்கலாம்.

ஒரு விதிவிலக்கு. ஐராவதி டெல்டாப் பக்கம் சில ஆழ்துளைக் கிணறுகளில் ஆர்செனிக் உண்டு. அந்தத் தண்ணீரை வற்றவிட்டால் விஷமும் சோற்றிலேயே தங்கும். அங்கே மழைநீரிலோ சோதித்த நீரிலோ சமைக்க வேண்டும். அதற்கு வழியில்லாதவர்கள் வடித்தே உண்டுவிட்டு, பி1ஐ பயறிலும் மாத்திரையிலும் தேடுவது நல்லது.

பச்சரிசியை முழுக்கப் புழுங்கலுக்கு மாற்றினால் ஒரு டின்னுக்கு 0.5 மி.கி. கிடைக்கும், கழுவி வேகவைத்த பின் 0.4 என்று வையுங்கள். கூடவே ஐம்பது கிராம் உலர் பட்டாணியோ துவரையோ வேகவைத்தால் 0.28 அளவு. முப்பது கிராம் வேர்க்கடலை, ஒரு கைப்பிடி, 0.13. காய், முட்டை, மீன் எல்லாம் சேர்ந்து மிச்சத்தை நிரப்பிவிடும். பன்றி இறைச்சி சாப்பிடும் வீட்டில் ஐம்பது கிராம் கொழுப்பில்லாத கறியே 0.4 தரும். எள்ளும் சூரியகாந்தி விதையும் பி1 நிறைந்தவை, மேட்டுநிலத்து ஊர்களில் விலையும் கட்டுப்படியாகும். சென்னையில் இட்லிக்கு அரைக்கிற உளுந்தில் ஒரு பங்கு பர்மாவிலிருந்து போகிறது. அதை விளைவிக்கிற நாட்டில் நம் பிள்ளைகள் காலையில் சீனி தூவிய பொரித்த மாவுக்குச்சியும் டீயும் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவதுதான் வேடிக்கை. புழுங்கலரிசி இட்லி நான்கு, அல்லது தெருமுனையில் விற்கும் பேபியோ (அவித்த பயறு) ஒரு கிண்ணம், பரீட்சைக் காலையில் எந்த டப்பா மருந்துக்கும் குறைந்ததல்ல.

பேபியோ வாங்கும்போது ஒன்று கேளுங்கள், சோடா போட்டு அவித்ததா என்று. காரத்தன்மையில் கொதித்தால் பி1 அழிந்துவிடும். கொண்டைக்கடலை சீக்கிரம் வேக வேண்டுமென்று வீட்டில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுவதும் அதே கணக்கு. இரவே ஊறவைத்தால் சோடா தேவைப்படாது.

லப்பே, வெற்றிலை, ஙப்பி

பரீட்சைக்கு இரவு முழுக்கக் கண்விழிக்கும் பிள்ளைக்கு முன்னால் ஒரு தட்டு லப்பே தோ (ஊறிய தேயிலைக் கலவை) வைப்பது பர்மிய வழக்கம். நம் வீடுகளிலும் ஒட்டிக்கொண்டது. ஊறிய தேயிலையில் காஃபின் இருப்பதால் தூக்கம் போகும் என்பது உண்மை. ஆனால் தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் பி1ஐச் செயலிழக்கச் செய்யும். அவை சூட்டுக்கும் அழியாதவை. அதே தட்டில் தேயிலையைச் சுற்றி வைக்கிற வறுத்த வேர்க்கடலை, எள், பொரித்த பயறு எல்லாம் பி1 தருபவை. எதிரியும் நண்பனும் ஒரே தட்டில்! கடலையையும் பயறையும் சாயங்காலம் தனியாகத் தின்னக் கொடுங்கள். லப்பே சாப்பாட்டை விட்டு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி, ஒரு கரண்டி போதும். எலுமிச்சை பிழிவது நல்லது, அதிலுள்ள வைட்டமின் சி துவர்ப்பின் கேட்டை ஓரளவு தடுக்கும். விழித்துப் படித்ததைத் தூங்கும்போதுதான் மூளை அடுக்கி வைக்கிறது. தூக்கத்தைக் கெடுத்துவிட்டு வைட்டமின் கொடுப்பதில் பயனில்லை.

சோற்றோடு சோறாகக் குடிக்கும் டீயும், சாப்பிட்ட கையோடு போடும் கூன்யாவும் (வெற்றிலைச் சுருளும்) இதே வேலையைச் செய்யும். பாக்கிலும் பி1ஐக் கெடுக்கும் பொருள்கள் உண்டு. பாக்குக்கு வேறு கேடுகளும் இருப்பதால் அதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியதில்லை, விடுவதே வழி.

பச்சையாகப் புளிக்கவைத்த ஙப்பி, ஙச்சின் போன்ற மீன் பண்டங்களில் பி1ஐ உடைக்கும் நொதி ஒன்று இருக்கும். அது சூட்டில் செத்துவிடும். எனவே ஙப்பியைக் கொதிக்கவைத்து, ஙப்பியே என்னும் நீர்க்குழம்பாக ஆக்கிச் சாப்பிட்டால் பயமில்லை, அப்படியே பச்சையாகத் தொட்டுக்கொள்வதைத்தான் தவிர்க்க வேண்டும். தேயிலைத் துவர்ப்பு சமைத்தாலும் போகாது, மீன் நொதி சமைத்தால் போகும்: இந்த வித்தியாசம் நினைவில் இருந்தால் போதும்.

பால் குடிக்கும் குழந்தை

படிப்பைப் பற்றிப் பேசும்போது கைக்குழந்தை எதற்கு என்று தோன்றலாம். பி1 குறையின் பெரிய சேதம் அங்கேதான் நடக்கிறது. 2003இல் இஸ்ரேலில் ஒரு சோயாப் பால்மாவில் பி1 விடுபட்டுப்போனது. சில குழந்தைகள் இறந்தன, சிலவற்றின் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. அந்த மாவைக் குடித்தும் ஒன்றும் ஆகாதவை போல வளர்ந்த பிள்ளைகளைச் சில ஆண்டு கழித்துச் சோதித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் வாக்கியங்களைப் புரிந்துகொள்வதிலும் பொருள்களின் பெயர் சொல்வதிலும் பின்தங்கியிருந்தார்கள். முதல் ஆண்டில் சில மாதம் விட்டுப்போன ஒரு வைட்டமின், பள்ளிக்கூடம் போகும் வயதில் பேச்சில் தெரிந்தது. கம்போடியாவில் பால் கொடுக்கும் தாய்மாருக்கு நாளொன்றுக்கு 1.2, 2.4, 10 மி.கி. என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்த சோதனையில், 10 மி.கி. பெற்றவர்களின் குழந்தைகள் மொழித் திறனில் முன்னால் நின்றன.

பர்மாவில் இது புத்தகச் செய்தி அல்ல. தாய்லாந்து எல்லையிலுள்ள கரென் அகதி முகாம்களில் ஒரு காலத்தில் ஆயிரத்துக்கு 183 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. பெரிபெரி என்று கண்டுகொண்டு பி1 கொடுக்கத் தொடங்கிய பின் அது 78 ஆக இறங்கியது. பர்மா சுகாதாரத் துறையின் திட்டத்திலும் கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் மூன்று மாதம் வரை தாய்க்கு தினம் 10 மி.கி. பி1 உண்டு. மருத்துவச்சி கொடுக்கும் அந்த மாத்திரையை "சூடு" என்று சொல்லி மாமியார் எடுத்து வைத்துவிடக் கூடாது.

பத்தியம் இங்கே சரிபார்க்க வேண்டிய இடம். பர்மிய அண்டைவீட்டு வழக்கப்படி பிள்ளை பெற்றவளுக்குச் சோறும் உப்பும் சுட்ட கருவாடும் மட்டும் கொடுத்து, பயறு "வாயு", கீரை "குளிர்ச்சி" என்று நிறுத்தினால், தாய் நடமாடிக்கொண்டிருப்பாள், பாலில் பி1 வற்றியிருக்கும். நம் பக்கத்துப் பத்தியத்தில் பூண்டு நிறையச் சேர்ப்பது நல்ல வழக்கம். பூண்டின் சத்து பி1உடன் சேர்ந்தால் குடலில் எளிதாக உறிஞ்சப்படும். ஆனால் சேர்வதற்கு முதலில் பி1 இருக்க வேண்டுமே. பூண்டுக் குழம்பை புழுங்கலரிசிச் சோற்றோடு போடுங்கள், துவரம்பருப்பை நிறுத்தாதீர்கள், டீயையும் வெற்றிலையையும் அந்த மூன்று மாதமாவது தள்ளி வையுங்கள்.

ஒன்று முதல் நான்கு மாதக் குழந்தை பால் குடிக்க மறுத்து, வாந்தி எடுத்து, மூச்சு இரைத்து, அழும்போது வாய் திறந்தும் சத்தம் கம்மிப்போயிருந்தால், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாசலிலேயே "தாய் சாப்பிடுவது வெள்ளைச் சோறுதான், பி1 மாத்திரை எடுக்கவில்லை" என்று சொல்லுங்கள். இது பெரிபெரியாக இருந்தால் பி1 ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே குழந்தை திரும்பிவிடும். நிமோனியா என்று நினைத்து மருந்து மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு நாளில் உயிர் போய்விடும்.

பி12: சைவம், வயது, சர்க்கரை மாத்திரை

பி12 செடிகொடியில் கிடையாது. மீன், இறைச்சி, முட்டை, பால் தவிர வேறு வழியில்லை. நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் அரை மைக்ரோகிராம், ஒரு தம்ளர் பாலில் ஒன்று. லப்பெயேவில், அதாவது பர்மியப் பால் டீயில், ஊற்றும் கட்டிப்பாலில் கிடைப்பது சொற்பம். கருவாடு, நெத்தலி தின்னும் வீட்டில் கவலையில்லை.

கவலைப்பட வேண்டியவர்கள் மூன்று வகை. ஆண்டுக்கணக்கில் சைவமாக இருப்பவர்கள், வயிற்றில் அமிலம் குறைந்துபோன முதியவர்கள், சர்க்கரை நோய்க்கு நான்கைந்து ஆண்டாக மெட்ஃபார்மின் விழுங்குபவர்கள். சைவமாக இருக்கும் கர்ப்பிணியின் பிள்ளைக்கும் ஆபத்து உண்டு. தாய்ப்பாலில் பி12 இல்லாத குழந்தை தலை நிற்பது, சிரிப்பது, பேசுவது எல்லாவற்றிலும் பிந்தும். முதியவர்களிடம் இந்தக் குறை பாதம் எரிவது, நடை தள்ளாடுவது, சொன்னதையே சொல்வது என்று வரும். "வயசாயிடுச்சு" என்று வீடே விட்டுவிடும். மறதியில் மருந்து கொடுத்துத் திருப்பக்கூடிய சில வகைகளில் இது ஒன்று என்பதால் இரத்தத்தைச் சோதித்தே ஆக வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறை. 300க்கு மேல் என்றால் பெரும்பாலும் சரி. நடுவில் நின்றால் மருத்துவர் வேறொரு சோதனை கேட்பார். மாத்திரை தின்ன ஆரம்பித்துவிட்டுச் சோதிக்கப் போனால் எண் ஏறியிருக்கும், குறை மறைந்துவிடும். இரத்தம் முதலில், மாத்திரை பிறகு.

இங்கே ஸ்பைருலினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோன்யுவாவுக்கு வடக்கே புடலின் பக்கத்திலுள்ள ட்வின்டாங் எரிமலை ஏரியில் அது தானாக வளர்கிறது. நாடு முழுக்க மாத்திரையாகக் கிடைக்கிறது. புரதம் உண்டு, இரும்பும் உண்டு. ஆனால் அதிலுள்ள பி12 பெரும்பாலும் போலி வடிவம், மனித உடலுக்குப் பயன்படாது. சைவக்காரர்கள் அதை நம்பி இருந்தால் நரம்பு தேய்ந்துகொண்டே போகும். பழைய சோற்று நீரில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று கைபேசியில் சுற்றும் செய்தியையும் நம்பி இருக்க வேண்டாம். நீராகாரம் வெயிலுக்கு இதம், அவ்வளவுதான்.

மாத்திரைக் கணக்கு சற்று விசித்திரமானது. ஒரு நேரத்தில் குடல் முறையாக உறிஞ்சுவது ஒன்றரை முதல் இரண்டு மைக்ரோகிராம் மட்டுமே. அதற்கு மேல் போடுவதில் நூற்றில் ஒரு பங்கு தானாகக் கசிந்து உள்ளே போகும். ஆகவே 1,000 மைக்ரோகிராம் மாத்திரையில் கிடைப்பது பத்துப் பன்னிரண்டுதான். வயிற்றில் உறிஞ்சும் சக்தி போனவருக்கும் இந்தக் கசிவு வேலை செய்வதால், பலருக்கு ஊசிக்குப் பதில் தினம் 1,000 மாத்திரையே போதும். ஆனால் நரம்புக்கோளாறு தொடங்கிவிட்டால் முதலில் ஊசியே நல்லது. ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாக உயர்ந்த அளவில் கொடுக்காதீர்கள். சோகை சரியானதுபோல் தெரியும், பி12 குறையால் நரம்பு கெடுவது உள்ளுக்குள் நடந்துகொண்டிருக்கும். கருத்தரிக்கப் போகும் பெண்ணுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் வேறு விஷயம், அது கட்டாயம்.

நல்ல நிலையிலுள்ள முதியவர்களுக்கு பி வைட்டமின் கொடுத்து மறதியைத் தடுக்க முடியுமா என்று பார்த்த சோதனைகள் பெரும்பாலும் ஏமாற்றமே தந்தன. ஆக்ஸ்ஃபோர்டில் 2010இல் வந்த ஒரு சோதனையில், லேசான மறதி உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டு ஃபோலிக், பி6, பி12 கொடுத்தபோது மூளை சுருங்கும் வேகம் குறைந்தது. அதிலும் பயன் பெரிதாகத் தெரிந்தது இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் உயர்ந்திருந்தவர்களுக்கு, அதாவது குறையின் அடையாளம் இருந்தவர்களுக்கு.

இரும்பும் அயோடினும்

இவை வைட்டமின் இல்லை. ஆனால் வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளைக்கு பி1ஐவிட இரும்புதான் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். பூப்பெய்திய பெண்பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். ஹீமோகுளோபின் ஐந்து முதல் பதினொரு வயதில் 11.5, பன்னிரண்டு முதல் பதினான்கில் 12 என்ற அளவுக்குக் கீழே போனால் சோகை. ஆனால் பர்மாவில் தலசீமியா, ஹீமோகுளோபின் இ என்ற பரம்பரை இரத்தக் குறைபாடுகள் பரவலாக உண்டு. கலப்பு மணம் நடந்த குடும்பங்களில் எண் குறைந்ததைக் கண்டவுடன் மாதக்கணக்கில் இரும்பு கொடுப்பது தவறு. உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 200 மி.கி. ஃபெரஸ் சல்ஃபேட் மாத்திரையில் உண்மையான இரும்பு சுமார் 65 மி.கி. டீயோடும் பாலோடும் விழுங்கினால் வீண். எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கி, டீக்கு ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பது இயல்பு. பூச்சி மருந்து கொடுக்காமல் இரும்பு மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது.

அயோடினுக்குச் சந்தையில் அள்ளிப்போடும் கல்லுப்பை விட்டு, அயோடின் சேர்த்தது என்று அச்சிட்ட பாக்கெட் உப்பை வாங்கி, மூடிய டப்பாவில் அடுப்புக்குத் தள்ளி வைத்து, குழம்பை இறக்கும்போது போடுங்கள். கர்ப்பிணி உள்ள வீட்டில் இதில் சமரசம் வேண்டாம்.

அட்டையைத் திருப்பிப் படியுங்கள்

கலப்பு மாத்திரை அட்டையின் பின்புறம் பி1 100 மி.கி., பி6 100 அல்லது 200 மி.கி., பி12 200 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கும். பி1 மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும். பி6 அப்படி அல்ல. வளர்ந்தவருக்கு வேண்டியதே ஒரு நாளைக்கு 1.3 முதல் 1.7 மி.கி. தான்; அட்டையில் உள்ள அளவில் மாதக்கணக்கில் போனால் அதுவே கைகால் மரப்பை உண்டாக்கலாம். மரப்புக்காக ஆரம்பித்த மாத்திரை மரப்பைக் கூட்ட, இன்னும் ஒரு அட்டை வாங்கும் கதை பல வீடுகளில் நடக்கிறது. படிக்கும் பிள்ளைக்கு இந்த அட்டை வேண்டவே வேண்டாம். பி1 குறைதான் சந்தேகம் என்றால் பி1 மட்டும் உள்ள மாத்திரையைக் கேளுங்கள். லேசான குறைக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு வாரம் தினம் 10 மி.கி., பிறகு குறைந்தது ஆறு வாரம் 3 முதல் 5 மி.கி. கடையில் 100 மி.கி. மாத்திரைதான் கிடைக்கிறது என்றால் பெரியவர்களுக்கு அதனால் கெடுதல் இல்லை, பணம்தான் கொஞ்சம் வீண்.

பெயர் தெரியாத ஏழெட்டு மாத்திரையை வெட்டிப் பொட்டலமாகக் கட்டித் தரும் "சத்து மாத்திரை" வாங்காதீர்கள்; அதில் ஸ்டீராய்டு இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அட்டையில் மருந்தின் பெயர், அளவு, காலாவதி தேதி மூன்றும் முழுதாகத் தெரிய வேண்டும். மழைக்காலத்தில் சமையலறை அலமாரியில் வைத்த மாத்திரை ஈரத்தில் நிறம் மாறும். மூடி இறுகிய டப்பாவில் படுக்கையறையில் வையுங்கள்.

சோர்வாக இருக்கிறது என்று குளுக்கோஸ் டிரிப் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. தொடர்ந்து குடிப்பவர், வாரக்கணக்கில் வாந்தி எடுக்கும் கர்ப்பிணி, பல நாள் சாப்பிடாத நோயாளி ஆகியோருக்கு பி1 தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் பி1உம் ஒரே வீச்சில் செலவாகிவிடும். குழப்பமான பேச்சு, கண் ஆடுவது அல்லது இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது என்று வரும். குடிகாரர் என்றால் போதை என்று படுக்க வைத்துவிடுவார்கள். இதற்கு வெர்னிக்கே நோய் என்று பெயர். சில நாள் தாமதித்தால் கோர்சகோஃப் மறதியாகி நிலைத்துவிடும்: பழையது நினைவிருக்கும், புதிதாக எதுவும் மனதில் பதியாது, இடைவெளியை மனிதர் தன்னை அறியாமலேயே கற்பனையால் நிரப்பிப் பேசுவார். டிரிப் போடும் முன் "பி1 ஊசி போட்டாச்சா?" என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

தொடங்கிய பிறகு எப்போது பலன் தெரியும் என்பதையும் நோட்டில் குறித்து வையுங்கள். பி1 கொடுத்தால் பெரியவர்களுக்குப் பசியும் சுறுசுறுப்பும் சில நாளில் திரும்பும், கால் பலம் வாரக்கணக்கில். இரும்பில் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒன்று முதல் இரண்டு ஏற வேண்டும்; ஏறாவிட்டால் நோயை மறுபடி தேட வேண்டும், மாத்திரையை இரட்டிப்பாக்கக் கூடாது. ஏறினாலும் இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும். பி12இல் இரத்தம் ஒரு வாரத்தில் பதில் சொல்லும். நரம்பும் ஞாபகமும் ஆறு மாதம், ஓர் ஆண்டு எடுக்கும், நீண்ட நாள் விட்ட குறை முழுதாகத் திரும்பாமலும் போகலாம். மூன்று மாதம் ஒழுங்காகக் கொடுத்தும் பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை, சோதனை எண்கள் எல்லாம் சரி என்றால், கண்ணையும் காதையும் பரிசோதிக்கக் கூட்டிப் போங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு எந்த வைட்டமினும் கண்ணாடிக்கு ஈடாகாது.